சஜீதும் சுஹைராவும்

கிண்ணியா
2025 ஆகஸ்ட் 4

தெஹிவளையில் இருக்கும் ஓவியக்காரிக்கு,

சலாத்தோடு தொடங்குவதுதான் முறை. எனக்கு இப்போது கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

உன் நம்பரை என் போனில் அடைத்து வைத்திருக்கிறேன். திறக்கப் போவதுமில்லை. உன் குரல் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கடிதம் என்றால் எழுதினதை வெட்டலாம்.

நேற்றுக் கடையில் ஒரு வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். கையெல்லாம் கிறீஸ். அடுத்த வீட்டு அப்ராஸ் கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கிறான், அவன் வந்து போனை முகத்துக்கு நேரே நீட்டினான். "காக்கா, இது உங்கட தங்கச்சிட கண்காட்சிதானே?" என்றான். பார்த்தேன். கூரையிலிருந்து தரைவரைக்கும் கறுப்புத் துணிகள். பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் 'சஜீதும் சுஹைராவும்'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர், மரபணுவில் ஒரு துளி உறவும் இல்லாதவர்கள் என்று. பேஸ்புக்கில் எண்ணூறு பேர் பார்த்தாயிற்று. எஞ்சின் எடுக்க வந்து நின்ற மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடிக்கவாவது செய்திருப்பேன்.

மாசி மாதம் வந்து என்னிடம் என்ன சொன்னாய்? "காக்கா, சீனி வருத்தம் பரம்பரையா வருமாம், கொழும்பில ஓசியாப் பாக்கிறாங்க, இதுக்குள்ள துப்புங்க" என்றாய். நானும் மடையன் மாதிரி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்று துப்பினேன். அந்த எச்சிலைத்தான் நீ கொழும்பில் தொங்க விட்டிருக்கிறாய்.

இன்னொன்று. வாப்பா போன கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலப் பக்கம் இயங்கவில்லை, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தாநாள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நேற்றுப் பின்னேரம் உனக்குப் போன் எடுத்துச் சொல்ல இருந்தேன். அதற்குள் அப்ராஸ் வந்துவிட்டான்.

அந்தச் சுவரிலிருந்து என் பேரைக் கழற்று. மற்றப் பேரையும் கழற்று. அந்த இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுத உனக்கு உரிமை இல்லை.

சஜீத்


தெஹிவளை
2025 ஆகஸ்ட் 9

சஜீத் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் சொல்லாத சலாத்துக்கும் நானே பதில் சொல்லிவிடுகிறேன், குறையில்லாமல் இருக்கட்டும்.

வாப்பா விழுந்த செய்தியை ஒரு ஏச்சுக் கடிதத்தின் அடிப்பக்கத்தில் 'இன்னொன்று' என்று போட்டு அனுப்புகிற மனுசன் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். அதை வாசித்த இடத்திலேயே இருந்துவிட்டேன். பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

சீனி வருத்தம் என்று சொன்னது பொய். ஓம். படத்துக்கு என்று கேட்டிருந்தால் தந்திருப்பீர்களா? என் படங்களைப் பார்த்து "இதில எது தலை, எது கால்" என்று கேட்கிற ஆள் நீங்கள்.

நான் செய்ய நினைத்தது வேறு. ஒவ்வொருவருக்கும் மரபணுத் திரிகள் இருபத்துமூன்று சோடி. சோடிக்கு ஒரு துணி. துணியில் இடது பக்கம் நீங்கள், வலது பக்கம் நான். இரண்டு பேருக்கும் உம்மாவிடமும் வாப்பாவிடமும் இருந்து ஒன்றாக வந்த இடங்களுக்கெல்லாம் சிவப்பு அடிப்பது, ஒட்டாத இடங்களுக்குக் கறுப்பு. கறுப்புக்குப் புல்மோட்டை மண்ணை அரைத்தேன். சிவப்புக்குச் சீனன்குடாவில் கிடக்கிற பழைய இரும்பில் துருச் சுரண்டி எடுத்தேன். கூடப் பிறந்தவர்களுக்கு அரைவாசி ஒட்டும் என்று எச்சிலைச் சோதித்த இடத்தில் சொன்னார்கள், அதனால் ஒரு பெரிய வாளி நிறையச் சிவப்புக் கரைத்து வைத்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தேன். முடிவு வந்தது. சிவப்பு ஒரு கரண்டிகூடச் செலவாகவில்லை.

பிழை என்று நினைத்து அவர்களோடு சண்டை பிடித்தேன். திரும்பவும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்கள். இரண்டு மாதம் ஒருவரிடமும் கதைக்காமல் அந்தத் துணிகளுக்குக் கறுப்பு அடித்தேன். எனக்கு முப்பத்தைந்து வயது. அழுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். திட்டியிருக்கிறீர்கள், மிரட்டியிருக்கிறீர்கள். ஒரு இடத்திலாவது 'இது பொய்' என்று எழுதவில்லை. அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு காலமாகத் தெரியும்? உம்மா மௌத்தானபோது என் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்தீர்களே, அப்போதும் தெரியுமா?

இப்போதுதான் ஒன்று யோசிக்கிறேன். நீங்கள் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புள்ள', 'இஞ்ச வா', 'உன்ன உம்மா தேடுறா'. இந்தக் கடிதத்திலும் ஓவியக்காரி. என் பேர் உங்கள் வாயில் முள்ளாகக் குத்துகிறதா?

வாப்பாவைப் பார்க்க வருகிறேன். உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை, அறிவிக்கிறேன்.

சுஹைரா


கிண்ணியா
2025 ஆகஸ்ட் 14

நீ வர வேண்டாம்.

காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை, நீயே கொழும்பில் எழுதி ஒட்டியிருக்கிறாய். பேஸ்புக் பார்த்த பிறகு பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து இரண்டு பேரும் அஸீம் மௌலவியும் வீட்டுக்கு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. வாப்பாவுக்குத் துஆக் கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்கள். "சஜீத், படத்தில போட்டிருக்கிறது உண்மையா?" நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

ரத்த உறவு இல்லாத பெண் வாப்பாவுக்கு அந்நியப் பெண். கலியாணம் முடிக்கக் கூடாத உறவென்றால்தான் மஹ்ரம், தொடலாம், பக்கத்தில் இருந்து பணிவிடை செய்யலாம். இது நான் கட்டின சட்டம் இல்லை. அவருக்கு உடுப்பு மாற்ற வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், வாயில் ஊட்ட வேண்டும். ரிஸ்னா மருமகள், அவளுக்கு ஆகும். நீ யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இருபத்துமூன்று துணி சாட்சி வைத்திருக்கிறாய், நீ எங்களுக்கு யாரும் இல்லை என்று.

வாப்பாவை ஊர் வாயில் போட நான் விடமாட்டேன். அவர் போகிற நேரம் மரியாதையோடு போக வேண்டும்.

பேரைக் கழற்றச் சொன்னேன். இன்னும் கழற்றவில்லை என்று அப்ராஸ் சொல்கிறான்.

சஜீத்


பாலையூற்று
2025 ஆகஸ்ட் 24

சஜீத் அவர்களுக்கு,

காக்கா என்று எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. நீங்கள்தான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தீர்கள்.

கொழும்பிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவளை, கேற்றின் கொழுக்கியைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியில் நிற்பாட்டினீர்கள். அடுத்த வீட்டுப் பெண்கள் மதிலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரிஸ்னா மச்சி உங்களுக்குப் பின்னால் நின்று அழுதா. நான் அழவில்லை, அந்தச் சந்தோசத்தை உங்களுக்குத் தர நான் தயாரில்லை. யன்னலால் வாப்பாவின் பாதம் மட்டும் தெரிந்தது. இடது பாதம். அது அசைந்தது. என் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

நான் திரும்பிப் போகவில்லை. என்னோடு கம்பஸில் படித்த ஜெஸ்மின் இங்கே பாலையூற்றில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது வீட்டுத் திறப்பை எனக்கே தந்துவிட்டுப் போகிறவள். ரத்தத்தில் அவளுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, நான் சோதித்துப் பார்க்கவுமில்லை.

நேற்று அஸீம் மௌலவியைப் போய்ப் பார்த்தேன். ஓம், நானே போனேன். முக்காடு போட்டுக்கொண்டு, ஜெஸ்மினையும் கூட்டிக்கொண்டு. அவர் மரியாதையாக இருத்திக் கதைத்தார். "ரத்தம் மட்டும் இல்ல மகள். பாலும் உறவுதான். இரண்டு வயசுக்குள்ள ஐந்து தரம் வயிறு நிறைய ஒரு தாய்ட்ட குடிச்சா, அந்தத் தாய் உம்மா, அவட புருசன் வாப்பா, அவட புள்ளைகள் கூடப்பிறப்பு. கண்டவங்க ஆராவது சொன்னாப் போதும், நான் போய் வாப்பாட்டயும் கேட்டுத் தீர்க்கிறன். இத நான் சஜீத்திட்டயும் சொன்னனே" என்றார்.

உங்களிடமும் சொன்னார்! நீங்கள் சட்டத்தில் பாதியை எனக்கு எழுதினீர்கள், மற்றப் பாதியை விழுங்கிவிட்டீர்கள். தொழுகிற மனுசன் செய்கிற வேலையா இது?

இப்போது கேட்கிறேன். உம்மா எனக்குப் பால் தந்தாவா இல்லையா? உம்மா மண்ணுக்குள் போய் ஆறு வருடம். வாப்பாவுக்குப் பேச்சில்லை, கேட்டால் தலையாவது அசைப்பார், ஆனால் கேட்க என்னை உள்ளே விடவில்லை, மௌலவியும் கண்டவர் ஒருவர் வாய் திறக்காமல் ஒரு நோயாளியைப் போய் அலட்டமாட்டார். அந்த வீட்டில் அப்போது இருந்தவர் நீங்கள் ஒருவர். உங்களுக்கு ஏழு வயது, கண் தெரியாத வயது இல்லை. வாப்பா போவதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது உங்கள் வாயில் இருக்கிறது.

கிளினிக்கில் மருந்தெடுக்க ரிஸ்னா மச்சி ரவுணுக்கு வரும்போது இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். பதிலையும் அவவிடமே கொடுங்கள்.

சுஹைரா


கிண்ணியா
2025 ஆகஸ்ட் 27

என் மனைவியைத் தபால்காரி ஆக்கியிருக்கிறாய். அவள் இரண்டு நாளாக எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். சந்தோசமா?

நீ கேட்டதற்குத் தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால் அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று வாப்பாவின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போது அதை உடைக்க நான் ஆள் இல்லை.

உன் மெசினிடம் கேள். எல்லாம் தெரிந்த மெசின்தானே.

சஜீத்


பாலையூற்று
2025 ஆகஸ்ட் 29

சத்தியவானுக்கு,

வாப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்ற, வாப்பா தேடுகிற ஆளை வாப்பாவிடமிருந்து மறித்து வைத்திருக்கிறீர்கள். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

தேடுகிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மச்சி சொன்னா. கேற் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் கண்ணை உருட்டுகிறாராம், வருகிறது நீங்கள் என்றால் திரும்பவும் முகட்டைப் பார்க்கிறாராம். இது நான் உங்களைக் குத்துவதற்காகச் சேர்த்தது இல்லை, மச்சியைக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு தாக்கு வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொன்னதையும் அவதான் சொன்னா. நீங்கள் அதையும் எழுதவில்லை.

எனக்குப் பெயின்ற் என்றால் என்னவென்று காட்டினவர் வாப்பா. பாலம் வருவதற்கு முன்னால் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போன பாதையில்தானே அவருக்கு வேலை, அந்த மிதவைக்கு அடிக்கிற பச்சையில் ரின்னின் அடியில் மிஞ்சினதை மறைத்துக் கொண்டுவந்து தருவார். குசினிச் சுவர் முழுக்க நான் அடித்து வைத்ததற்கு உம்மா ஈர்க்குக் கட்டை எடுத்துக்கொண்டு துரத்தினா. வாப்பா குறுக்கே நின்றுகொண்டு, "லைலா, சுவர் நம்மட சுவர்தானே, கிடக்கட்டும்" என்றார். அந்த மனுசனுக்கு நான் அந்நியப் பெண்! எழுதுகிற உங்களுக்குக் கை கூசவில்லையா?

கேளுங்கள். எனக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அந்தத் துணிகளை லொறியில் இறக்கப் போகிறேன். கிண்ணியாப் பாலத்துக் கம்பியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் தொங்க விடுவேன். 'சஜீதும் சுஹைராவும்.' கடைக்கு வருகிற போகிறவன் எல்லாம் வாசிக்கட்டும். பொலிஸ் வந்தால் வரட்டும். என்னை வாசலில் நிற்பாட்டியவரை நான் பாலத்தில் நிற்பாட்டுவேன்.

அல்லது அஸீம் மௌலவியிடம் ஒரு சொல் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று.

சுஹைரா


கிண்ணியா
2025 செப்டம்பர் 2

நீ துணி தொங்க விடுவாய் என்று பயந்து இதை எழுதவில்லை. தொங்க விடு, நானே ஏணி தருகிறேன். நேற்றுக் காலையில் வாப்பாவுக்கு மூச்சு வாங்கினது. அதனால் எழுதுகிறேன்.

முழுவதும் கேள். ஒரே தரம்தான் சொல்வேன்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினை தொடங்கி ஊர் சனம் பள்ளிக்கூடங்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் ஒதுங்கியிருந்த நேரம். எங்கள் ஒழுங்கையில் நாங்கள் மட்டும்தான் போகவில்லை, ஏனென்றால் வீட்டில் பச்சைப் பிள்ளை, காய்ச்சலில். என் தங்கச்சி. சித்திரையில் பிறந்தவள். அவளுக்குச் சுஹைரா என்று பேர் வைத்தது நான். எனக்கு முதலாம் வகுப்பில் படிப்பித்த ரீச்சரின் பேர் அது, எனக்கு அவவில் விருப்பம், நான் கேட்டேன், வாப்பா வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோட்டில் வழி இல்லை. அவள் விடியப்புறம் மௌத்தானாள். வாப்பா வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார், நான் மண்வெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். மையவாடியில் நாங்கள் இரண்டு பேரும்தான். தொழுவிக்க ஒருவர் இல்லை, வாப்பாவே தொழுதார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

உம்மாவுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் காய்ச்சலில் கிடந்தா. தொட்டால் கத்துவா. அந்த நேரம்தான் பாதை திரும்பவும் ஓடியது, துறையில் சனம் விழுந்தடித்து ஏறி இறங்கினது. ஒரு நாள் பின்னேரம் எல்லாரும் இறங்கின பிறகு கயிற்றுக் குவியலுக்குள் ஒரு பிள்ளை கிடந்ததாம். யாருடைய பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. தமிழா, சோனகமா, சிங்களமா, அதுவும் தெரியாது. அந்த நாட்களில் அதைக் கேட்டுக்கொண்டு திரிந்தால் பிள்ளைக்கும் ஆபத்து, கேட்கிறவனுக்கும் ஆபத்து. வாப்பா சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

உம்மா முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. நீ கத்தினாய். அப்படி ஒரு கத்தல். "ஆருட புள்ள?" என்று கேட்டா. "பசிச்ச புள்ள" என்றார் வாப்பா. அவ்வளவுதான் கதைத்தது. உம்மா எழும்பி இருந்து உன்னை வாங்கினா.

நான் வாசலில் நின்றேன். "அது சுஹைராட பால்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் உன் காலைப் பிடித்து இழுத்தேன். உம்மா அறைந்தா. என்னை ஒருநாளும் அடிக்காத உம்மா. அதற்குப் பிறகு அவ அழுதா, நானும் அழுதேன், நீ குடித்துக்கொண்டே இருந்தாய்.

சனம் திரும்பி வந்தபோது உம்மாவின் மடியில் ஒரு பிள்ளை இருந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லை. வாப்பா என்னைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். "மவன், மௌத்தான கதைய இனி எடுக்கப்படாது. ஊர் கேட்டாலும் ஆர் கேட்டாலும் இதுதான் சுஹைரா." எனக்கு ஏழு வயது. ஓம் வாப்பா என்றேன்.

நீ உன் ரத்தத்தைத் தேடிக் கொழும்பு முழுக்கக் காட்டுகிறாய். என் தங்கச்சிக்கு ஒரு பேர்கூட மிச்சமில்லை. மௌத்தானாள் என்று அழவும் விடவில்லை. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று எழுதினாயே. எப்படிக் கூப்பிடுவேன்? அது வேறு ஒருத்தியின் பேர். அந்தப் பேரை என் பேருக்குப் பக்கத்தில் எழுதி, உறவில்லை என்று சுவரில் ஒட்டினாய். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்திருக்கும் என்று இப்போதாவது யோசி.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அஸீம் மௌலவியைக் கூட்டிவந்தேன். வாப்பாவின் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை அவர் முகத்துக்கு நேரே உடைத்தேன். மௌலவி குனிந்து, "அபூதாஹிர் காக்கா, லைலா உம்மா அந்தப் புள்ளைக்குப் பால் குடுத்தவவா? ஓம் எண்டா என்ட கைய அமத்துங்க" என்றார். வாப்பா இடது கையால் பிடித்த பிடியை விடவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது. என் பக்கம் பார்க்கவில்லை.

மௌலவி போகும்போது வாசலில் நின்று, "அவ மகள்தான், வரச் சொல்லுங்க" என்றார். அதனால் சொல்கிறேன். வா. நான் கடையில் படுத்துக்கொள்வேன். நீ வீட்டில் இருக்கும்வரை நான் உன்னோடு கதைக்கப் போவதில்லை, நீயும் கதைக்காதே.

சஜீத்


பாலையூற்று
2025 ஒக்டோபர் 5

காக்கா,

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். வீட்டில் நான் இருந்த அத்தனை நாளும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வாப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வருவீர்கள், நீங்கள் தோளைப் பிடிப்பீர்கள், நான் காலைப் பிடிப்பேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையை முடித்துவிட்டுப் போவீர்கள். மூச்சு அடங்கும்போது அவர் கை என் கைக்குள் இருந்தது. நீங்கள் கால்மாட்டில் நின்றீர்கள். கலிமா சொல்லிக் கொடுத்தது நீங்கள். அவ்வளவும் நடந்தது, அதற்கு மேல் நான் உங்களிடம் கடன்பட்டவள் இல்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது.

உங்கள் கதையை வாசித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உங்கள் தங்கச்சியிடமிருந்து எதைத் திருடினேன்? பாலையா? பேரையா? கயிற்றுக் குவியலுக்குள் கிடந்த பிள்ளை, இந்தப் பேர்தான் வேண்டும் என்று கேட்டதா? முப்பத்தைந்து வருடம் நீங்கள் என்னைக் கள்ளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறீர்கள், நான் என்னில் என்ன குறை என்று கண்ணாடியில் தேடியிருக்கிறேன். இதை மன்னிக்க எனக்கு இப்போது ஏலாது. பிறகும் ஏலுமா என்று தெரியாது.

பேரைத் திருப்பித் தா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் கேட்டிருக்கிறீர்கள். கழற்றி மடித்துத் தர அது சட்டை இல்லை. எனக்கு வேறு பேர் இல்லை. கண்காட்சி முடிந்துவிட்டது, துணிகள் சுருட்டிக் கிடக்கின்றன. தலைப்பை மாற்றமாட்டேன். சஜீதும் சுஹைராவும் கூடப் பிறந்தவர்கள்தான், தலைப்பில் பொய் இல்லை. படத்தில்தான் ஆள் மாறிவிட்டது. அந்தப் பிழை உங்கள் வீட்டில் நடந்தது, என் கையில் நடக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாப்பாவைக் கொண்டுபோனபோது பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். எங்கே வைத்தீர்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவளை எங்கே வைத்தீர்கள் என்பதும் உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய பாலைக் குடித்தவள் நான். அந்த இடத்தை ஒரு தரம் பார்க்காமல் கொழும்புக்கு பஸ் ஏற எனக்குக் கால் வராது.

சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

சுஹைரா


கிண்ணியா
2025 ஒக்டோபர் 8

உன் கடிதத்தை ரிஸ்னா கடைக்கே கொண்டுவந்து தந்தாள். வாசித்து முடிக்கும்வரை முன்னால் நின்றாள்.

மன்னிக்க ஏலாது என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவில்லையே. எனக்கும் உன்னில் கோபம் ஆறவில்லை. அந்த எச்சில் விசயத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பேர் உன்னிடமே இருக்கட்டும். திருப்பித் தந்தால் வைக்க எனக்கும் இடமில்லை. அவளுக்கும் தலைமாட்டுக் கட்டை நட்டுப் பேர் எழுதுவோம் என்று வாப்பாவை அடக்கின அன்று யோசித்தேன். உயிரோடு திரிகிற ஒருத்தியின் பேரை எழுதி நட்டால் ஊர் என்ன நினைக்கும்? விட்டுவிட்டேன்.

மையவாடிக்குள் பெண்கள் வர முடியாது, அது உனக்குத் தெரியும். ஆனால் குளத்துப் பக்கம் மதில் இடிந்து இடுப்பளவுதான் நிற்கிறது. ரோட்டில் நின்றால் உள்ளே தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வா. ஜெஸ்மினையும் கூட்டி வா, தனியே நிற்காதே.

வாப்பாவைத் தேட வேண்டியதில்லை, மண் இன்னும் ஈரம், தலைமாட்டில் புதுக் கட்டை நட்டிருக்கிறது. அவளைத் தேடினால் உனக்குக் கிடையாது. அடையாளம் ஒன்றுமில்லை, புல்லுத்தான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடத்தில் ஒருவரையும் வைக்கவிடாமல் வாப்பா இவ்வளவு காலமும் காவல் காத்துக்கொண்டு இருந்தவர், அதற்கு ஏன் என்று ஊருக்குத் தெரியாது. அங்கேதான் அவரை வைத்தேன்.

அதனால் நான் உள்ளே போய் நிற்பேன். வாப்பாவின் தலைமாட்டில் நிற்கமாட்டேன். அவருக்கு இடது பக்கம் தள்ளி நிற்பேன். நான் நிற்கிற இடத்துக்கு நேரே முன்னால், என் காலடியில்தான் அவள். வடிவாகப் பார்த்துக்கொள். கை காட்டாதே, நானும் காட்டமாட்டேன். பார்த்து முடிந்ததும் போய்விடு, வீட்டுக்கு வரச் சொல்லி நான் கூப்பிடப் போவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பாலையூற்றுப் பக்கமிருந்து வருகிற பஸ் நேரத்துக்கு வராது. பிந்தினால் பிந்தட்டும். நீ வரும்வரை நிற்பேன்.

சஜீத்